கையில் திணித்த சாவிக்கொத்து

என்னிடம் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாங்கியது. ஒற்றை இன்ஜின் வைத்த சின்ன விமானத்தை, யாரிடமும் கூலி வாங்காமல், சொந்த ஆசைக்கு ஓட்டலாம் என்று அனுமதிக்கும் லைசென்ஸ். அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் கூடவே ஒரு மெடிக்கல் சான்றிதழ் செல்லுபடியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் லைசென்ஸ் வெறும் அட்டை. என்னுடையது இப்போது வெறும் அட்டை. அதை அப்படி ஆக்கியது ஒரு மொபெட் சாவி. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எறையூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டப் போனவர்கள். நான் ஐடிஐ படித்தேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். மூக்கிலும் காதிலும் சுண்ணாம்புத் தூள். அங்கிருந்து மஸ்கட், மஸ்கட்டிலிருந்து ஆஸ்திரேலியா. அங்கே இரும்புத்தாது சுரங்கம். அதே பெல்ட், அதே ரோலர். வெள்ளைத் தூள் போய்ச் சிவப்புத் தூள் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு. ஓய்வு வாரத்தில் மற்றவர்கள் குடித்தார்கள், மீன் பிடித்தார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. அந்த ஊரில் ஒரு பறக்கும் கிளப் இருந்தது. தகரக் கொட்டகை, நான்கு விமானம், ஒரு பழைய சோபா. ஒருநாள் சும்மா போய் வேலி ஓரம் நின்றேன். பயிற்சியாளர், அறுபது வயது இருக்கும், வெளியே வந்து “உள்ளே வந்து பார்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் எங்கிருந்து வந்தேன், அப்பா என்ன செய்கிறார், ஒன்றும் கேட்கவில்லை.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், “தம்பி எந்த ஊரு?” சொன்னால், “அதுல எங்க?” என்பார். எந்தத் தெரு என்று அர்த்தம். தெருவைச் சொன்னதும் அவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், அல்லது ரொம்ப அன்பாகப் பேசுவார். எனக்கு இரண்டுமே பிடிக்காது. மஸ்கட்டில் தமிழ்க்காரர்கள் இருந்த கேம்பிலும் முதல் வாரமே இந்தக் கேள்வி வந்தது.

மேலே போனால் ரேடியோவில் எனக்குப் பெயர் கிடையாது. விமானத்தின் மூன்று எழுத்துதான் பெயர். எங்கே இருக்கிறாய், எவ்வளவு உயரம், எங்கே போகிறாய். இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். சொல்லிவிட்டால் போதும். முதல்முறை தனியாக ஓட்டி இறங்கிய அன்று கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். சந்தோஷத்தில் என்று பயிற்சியாளர் நினைத்தார். அது சந்தோஷம் இல்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் இது கிடைத்ததா என்ற கோபம்.

எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். என் இங்கிலீஷ் ரேடியோவில் புரியவில்லை என்று ஒரு பெண்மணி மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். மூன்று வருஷம் ஆனது. சம்பளத்தில் பாதி அங்கேதான் போனது. அதைப் பற்றிப் புலம்பல் இல்லை.

இங்கே யாரிடமாவது பைலட் லைசென்ஸ் என்று சொன்னால், “எந்தக் கம்பெனி ஃப்ளைட்டு ஓட்டுறீங்க?” என்பார்கள். கம்பெனி எதுவும் இல்லை என்றால் முகம் மாறும். “அப்ப எதுக்குங்க?” சம்பளம் இல்லாமல் ஒருத்தன் எதற்கு விமானம் ஓட்டுகிறான்? என் தங்கச்சி புருஷன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மச்சான், நாம பொழுது சாயுற நேரத்துல சும்மா வண்டிய எடுத்துக்கிட்டு ஏரிக்கர வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவமே, அது மாதிரியா?” என்று கேட்டார். ஆமாம், அது மாதிரிதான். இவ்வளவு சரியாக வேறு யாரும் கேட்டதில்லை. அந்த மனுஷன் கையால்தான் எல்லாம் நடந்தது.

தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒருத்தன்தான் தாய்மாமன். லீவு போட்டு வந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரில் பல மணி நேரம் காத்திருப்பு, அங்கிருந்து திருச்சி. திருச்சியில் காலையில் இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனோம். குலதெய்வக் கோயில். வெட்டவெளியில் பந்தல் போட்டிருந்தார்கள். சித்திரை மாசம். தகரத்தில் கை வைத்தால் தோல் உரியும்.

காரிலேயே அம்மா சொன்னாள், “காது குத்தி முடியுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுப்பா.”

“ஏம்மா, நேத்துலேர்ந்து நான் ஒண்ணும் சாப்புடல.”

“அதான் நல்லதாப் போச்சு. வெரதம் ஒழுங்கா இருக்கும்.”

நான் படித்தவன். தண்ணீர் குடிக்காமல், தூக்கம் இல்லாமல், வெயிலில் உட்கார்ந்தால் உடம்பு என்ன ஆகும் என்று தேர்வே எழுதியிருக்கிறேன். விமானத்தில் ஏறும் முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனசு சரியாக இருக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள் என்பது முதல் பாடம். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வேன். பெட்ரோலைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் விமானத்துக்கு. மாமன் மடிக்கு யார் பார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை. அம்மா பேச்சைத் தட்ட முடியவில்லை. என் முட்டாள்தனம்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஒரு வயது. என் கழுத்தில் மாலை. எதிரே கற்பூரப் புகை. ஆசாரி வலது காதைப் பிடித்துக் குத்தினார். பிள்ளை வீறிட்டான். இடது காதுக்குத் திருப்பினார். அப்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது. மைக்செட் சத்தம் தூரமாகப் போனது. கண்ணின் இரண்டு ஓரமும் கறுத்து, நடுவில் ஒரு தட்டு அளவு மட்டும் தெரிந்தது. அதில் ஆசாரியின் விரல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்குத் தெரிந்தது பந்தல் துணியும் முகங்களும். சட்டை நனைந்திருந்தது. வலது உள்ளங்கை வலித்தது. பார்த்தால் மூடிய கைக்குள் சாவிக்கொத்து. தங்கச்சி புருஷனின் மொபெட் சாவி, வீட்டுச் சாவி, பம்பு செட் ரூம் சாவி, ஒரு பாட்டில் ஓப்பனர். என் விரல்களை மூடி, அதன் மேல் அவர் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

“உட்றாதீங்க மச்சான், கெட்டியாப் புடிங்க! இரும்பு கையிலயே இருக்கட்டும்!”

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ் ஸ்டாண்டில் எவனாவது விழுந்தால் சுற்றி நிற்கும் இருபது பேரும் ஒரே நேரத்தில் சாவியை உருவுவார்கள். அதனால் வலிப்பு நிற்காது. எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு தானாக நிற்கும். சாவியால் நின்றது என்பார்கள்.

“பிள்ளைக்கு என்னாச்சு?” என்றுதான் முதலில் கேட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தங்கச்சி மடியில் இருந்தான். நான் எழுந்து, இடது காதும் குத்தி முடித்து, செயின் போட்டு, சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். அதன் பிறகு தங்கச்சி புருஷன் விடவில்லை. பெரம்பலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் சீட்டு கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் இங்கிலீஷில் வலிப்பு என்று எழுதியிருந்தது.

“டாக்டர், எனக்கு வலிப்பு இல்லை. பசி மயக்கம்.”

“இருக்கலாம் சார். அதான் கேள்விக்குறி போட்டுருக்கேன்.”

“எதை வச்சு எழுதுனீங்க?”

“கூட்டிட்டு வந்தவர் சொன்னாரு. உங்க கையிலயும் சாவி இருந்துச்சு.”

அந்தச் சாவியை நான் ஆஸ்பத்திரி வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஏன் கீழே வைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

இதற்கு அடுத்து நான் செய்ததைச் சொன்னால் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா திரும்பியதும் விமான மெடிக்கல் பார்க்கும் டாக்டரிடம் போய் நானே சொன்னேன். சீட்டையும் காட்டினேன். நினைவு தவறினால் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எறையூர்ப் பக்கம் ஒரு பந்தலில் ஒருத்தன் விழுந்தது எந்த நாட்டு விமானத் துறைக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் அந்தக் குவளையில் பெட்ரோல் பிடித்துப் பார்த்துப் பழகியவன். பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டு ஏறுவதற்கு எதற்குக் குவளை?

பறக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். மூளை ஸ்கேன், மூளை அலைப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் எடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. எல்லாமே சுத்தம். “ரொம்ப நல்லது, ஆனால் இது போதாது. வலிப்பு வந்துபோன ஆளுக்கும் இதெல்லாம் சுத்தமாக இருக்கும்” என்றார் டாக்டர். நல்ல மனுஷன், மென்மையாகத்தான் சொன்னார். “நீ விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேண்டும். கை கால் இழுத்ததா, எவ்வளவு நேரம், முகம் வெளுத்ததா நீலமானதா. பார்த்தவர் தன் சொந்த வார்த்தையில் எழுதித் தரட்டும். வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.”

எனக்கு நம்பிக்கை வந்தது. அங்கே நூறு பேர் இருந்தார்கள். வீடியோக்காரனே இருந்தான். என் ஒப்பந்தம் முடிய இருந்த நேரம் அது. புதுப்பிக்காமல் ஊருக்கு வந்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் வரவேற்றார். வீட்டில் அப்போது உரக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்னைக் காட்டி, “இவருதாங்க எங்க மச்சான். அன்னிக்குக் கோயில்ல உசுரு போயிருக்கும். நான்தான் சாவியக் குடுத்து இழுத்துப் புடிச்சேன்” என்றார். உரக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் இந்தக் கதையை ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் போனதும் கேட்டேன். “மாப்ள, அன்னிக்கு நான் விழுந்தப்ப என்ன பாத்தீங்க? இருக்கிறத இருக்கிறபடி சொல்லுங்க.”

“கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு மச்சான். வாயில நொர.”

“நொரையா?”

“நொரதான். உங்க தங்கச்சியக் கேளுங்க.”

தங்கச்சி அடுப்படியிலிருந்து கத்தினாள். “நான் எங்கண்ணே பாத்தேன், நான் பிள்ளைய வாங்குனேன். இவரு தெனமும் ஒண்ணு சேத்துக்குவாரு. போன மாசம் வரைக்கும் நொர இல்ல.”

“நீ சும்மா இரு. பாக்காமயா சாவியக் குடுப்பேன்?”

எனக்கு உள்ளே எரிந்தது. பார்த்ததால் சாவி கொடுத்தாரா, சாவி கொடுத்ததால் பார்த்ததாக நினைக்கிறாரா? ஒரு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவர் சொன்னதே அவருக்கு நினைவாகிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டால் ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையை அவரிடமிருந்து பிடுங்குவதாகும். அந்த மனுஷனுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. நெல் அறுக்கும் மெஷினுக்கு டிரைவர். தண்டச் சோறு என்று அவர் அப்பா அவரைத் திட்டாத நாள் இல்லை.

அடுத்து வீடியோ. பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ. வீடியோக்காரர் பையனைப் போல இருந்தாலும் அவருக்கு நாற்பது வயது.

“உங்க ஃபங்ஷனா அண்ணே? சூப்பரா எடுத்துக் குடுத்தேனே. பாத்தீங்கல்ல?”

நான் பார்க்கவில்லை. அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொன்னேன். பிள்ளை மடியில் உட்காருகிறான். ஆசாரி வருகிறார். வலது காது. பிள்ளை வீறிடுகிறான், முகம் திரை முழுக்க. அதன் பிறகு திடீரென்று ரோஜா இதழ்கள். திரை முழுக்க ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. நடுவில் ஒரு இதயம் திறந்து, அதற்குள் பிள்ளையின் பழைய போட்டோ மூன்று சுற்றி வருகிறது. பாட்டு. இதழ்கள் விலகுகின்றன. நான் சிரித்துக்கொண்டே பிள்ளைக்குச் செயின் போடுகிறேன். இதழுக்கு முன்னால் என் சட்டை காய்ந்திருக்கிறது, இதழுக்குப் பின்னால் மார்பு வரை நனைந்திருக்கிறது. இதைத் தவிர வேறு தடயம் இல்லை.

“நடுவுல இருந்தது எங்க?”

“நீங்க மயங்கி வுழுந்ததா? கட் பண்ணிட்டேன் அண்ணே. நல்ல காரியத்துல கெட்டது எதுக்கு? நாளைக்குப் பிள்ள பெருசாயி பாக்கும்ல?”

“கட் பண்ணாதது இருக்குமே, அது எங்க?”

“அதெல்லாம் ஆல்பம் டெலிவரி குடுத்ததும் அழிச்சிருவோம் அண்ணே. அந்தக் கார்டுல இப்ப ஜெயங்கொண்டத்துக் கல்யாணம் இருக்கு.”

“நீங்களாவது பாத்தீங்களா? என் கை கால் இழுத்துச்சா?”

அவர் நேர்மையாகத்தான் யோசித்தார். “நான் பிள்ள மேல ஃபோகஸ் வச்சிருந்தேன் அண்ணே. நீங்க ஃப்ரேம்லேருந்து போயிட்டீங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கி, குடிக்காமல் கீழே ஊற்றினேன். அடிக்கலாம் என்று தோன்றியது. யாரை அடிப்பது? கெட்டது செய்தவன் ஒருத்தன்கூட இல்லை. டாக்டர் கேட்டதை எழுதினார். வீடியோக்காரர் நல்லதை நினைத்தார். அம்மா விரதம் நினைத்தாள். நல்லதைச் செய்தே என்னை முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கச்சி புருஷனுக்குத்தான் முதலில் யோசனை வந்தது. “மச்சான், அப்ப அந்த வீடியோவையே அனுப்புங்களேன். அதுல நீங்க வுழவே இல்லியே!”

அவர் சொல்வது சரி. அந்த வீடியோப்படி நான் மயங்கவே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

“இல்லன்னா நான் எழுதித் தர்றேன். என்ன எழுதணும்னு சொல்லுங்க. இழுக்கலன்னு எழுதணுமா, எழுதுறேன். நொரை வேணாமா, எடுத்துர்றேன். உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

மனப்பூர்வமாகச் சொன்னார். நான் “சரி, எழுதுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. திறந்தேன். ஒரு வரி போதும். விழுந்தார், முகம் வெளுத்திருந்தது, அசையவில்லை, கொஞ்ச நேரத்தில் எழுந்தார். அந்த வரியை எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லை. என்ன எழுதினால் பாஸ் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த வெல்டர் ஞாபகம் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு கடற்கரை ஓரமாகப் போனேன். பத்து நிமிஷம் கீழே பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை. என்னை நம்பி அப்படித் தூங்கினார். அன்று என் கண் ஓரம் கறுத்திருந்தால்?

நான் பெரிய யோக்கியன் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு வந்தது பசி மயக்கம் என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் விழுந்த பிறகு நான் அங்கே இல்லை. உண்மையிலேயே இழுத்திருந்தால்? நொரை உண்மையாக இருந்தால்? நூறு பேர் பார்க்க நடந்த ஒரு விஷயம் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரிய வேண்டும், எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

“வேணாம் மாப்ள. நீங்க கண்ணால பாத்தத எழுதுங்க. பாக்காதத எழுதாதீங்க. எனக்கு நல்லதா கெட்டதான்னு யோசிக்காதீங்க” என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலி மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டார். முதல் வரி எழுதினார். இரண்டாவது வரி. பேனா நின்றது. தலையைத் தூக்கி வேப்பமரத்தைப் பார்த்தார். மறுபடி எழுதப் போனார், நிறுத்தினார். கால் மணி நேரம் இருக்கும்.

“மச்சான்.”

“சொல்லுங்க.”

“நான் பிள்ளையத்தான் பாத்தேன்.”

“என்ன?”

“நீங்க சாயுறீங்க. பிள்ள நழுவுறான். அடியில ஆசாரியோட அடுப்பு, குத்துற ஊசி, எல்லாம் இருக்கு. நான் பாஞ்சு பிள்ளையப் புடிச்சேன். உங்க தங்கச்சி கையில குடுத்தேன். அப்ப யாரோ ‘வலிப்பு, வலிப்பு, இரும்பு குடு’ன்னு கத்துனாங்க. நான் திரும்பி, சாவிய எடுத்து உங்க கையில வச்சு அமுக்குனேன். அப்ப நீங்க அசையல. அமுக்கிக்கிட்டு இருந்தது நான்தான். இழுத்ததுன்னு சொன்னேனே... நான் அமுக்குனப்ப உங்க கை ஆடுச்சு மச்சான். அது நான் ஆட்டுனது.”

“கத்துனது யாரு?”

அது ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கச்சி அம்மா என்றாள். அம்மா அத்தை என்றாள். அத்தையைக் கேட்டால், அவர் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தாராம். யாரோ கத்தியிருக்கிறார்கள். எல்லோரும் பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். நான் நழுவவிட்ட பிள்ளையை. அவர்கள் பார்த்ததும் சரிதான்.

தங்கச்சி புருஷன் அதையே எழுதினார். குழந்தையைப் பார்த்தேன், இவரைப் பார்க்கவில்லை என்று. கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு வருஷமாக உயிரைக் காப்பாற்றியவர், அந்தத் தாளோடு அதை விட்டுக்கொடுத்தார். “மாப்ள, நீங்க பிள்ளையக் காப்பாத்துனீங்க. அத ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன்.

“அது எம் புள்ளதான மச்சான். அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

திருச்சியில் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வைத்து அனுப்பினேன். நான் முட்டாள். உண்மை கிடைத்துவிட்டது, அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். தகவலுக்கு நன்றி. சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதால், நினைவு தவறியதற்கான காரணம் உறுதியாகவில்லை. காரணம் தெரியாத நினைவிழப்பு. இப்போதைக்கு மெடிக்கல் வழங்க இயலாது. பல வருஷம் எதுவும் நேராமல் இருந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்போது எனக்கு ஐம்பது நெருங்கியிருக்கும். இந்திய லைசென்ஸாக மாற்றலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்கும் மெடிக்கல் வேண்டும். அந்தப் பாரத்திலும் அதே கேள்வி இருக்கிறது, நானும் அதே பதிலைத்தான் எழுத வேண்டும்.

சுரங்கத்திலும் என்னைத் திரும்ப எடுக்கவில்லை. ஓடும் பெல்ட் பக்கத்தில் நிற்கவும் மெடிக்கல் வேண்டும். இப்போது அரியலூரில் ஒரு கிரஷருக்கு ரோலர் சப்ளை செய்யும் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். மூக்கில் மறுபடி வெள்ளைத் தூள். பஸ்ஸில் போனால் மறுபடி அதே கேள்வி. தம்பி எந்த ஊரு, அதுல எங்க?

அம்மா என்னை வண்டி ஓட்ட விடுவதில்லை. மொபெட்கூட. “உனக்கு அது இருக்குப்பா” என்கிறாள். வலிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாள். சட்டைப் பையில் ஒரு இரும்புச் சாவி போட்டு அனுப்புகிறாள். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. ஒருநாள் அதை எடுத்து வெளியே எறிந்தேன். மறுநாள் வேறு சாவி இருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன், மாப்பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டினேன். “எல்லாம் சரி, காரணம் தெரியலன்னுதானே போட்டுருக்கான்” என்றாள். விமானத் துறையும் என் அம்மாவும் ஒரே பக்கம்.

ஊர் பஸ் கிடைக்காத நாளில் தங்கச்சி புருஷன்தான் என்னை மொபெட்டில் பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறார். போன வாரம் வழியில் பங்க்கில் நிறுத்தினார். சாவிக்கொத்தை உருவி டேங்க் மூடியைத் திறந்தார். அதே கொத்து, அதே ஓப்பனர். பெட்ரோல் போட்டு முடித்ததும் நான் என்னையறியாமல் குனிந்து, கண்ணை டேங்க் வாய்க்கு நேராக வைத்து உள்ளே பார்த்திருக்கிறேன்.

“என்ன மச்சான் பாக்குறீங்க?”

“தண்ணி கலந்திருக்கான்னு.”

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் அவரும் குனிந்தார். இரண்டு பேரும் அந்த ஓட்டைக்குள் பார்த்தோம்.

“இருக்கா?”

“இல்ல.”

“அப்ப போலாமா?”

மூடியை மூடிச் சாவியைத் திருப்பினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.